மாடிப்படிக்குக் கீழே பாம்புச் சட்டை

விஜயா சித்தி: போட்டோவைப் பாருங்கள். மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. கை நடுங்குகிறது.

மாலதி: ஐயோ! சித்தி தள்ளி நில்லுங்கள்

பெரிய மாமா: ஆறடி இருக்கும்.

மாலதி: தலை வீட்டைப் பார்த்து இருக்கிறதே. உள்ளேதான் போயிருக்கும்

சித்தி: அதான் பயம். சனிக்கிழமை குழந்தைகள் எல்லாம் வருகிறார்கள்.

கார்த்தி: சித்தி, வால் எந்தப் பக்கம்?

சித்தி: பின்சுவர் பக்கம்.

கார்த்தி: அப்படியென்றால் வெளியேதான் போயிருக்கும். சட்டை முதலில் உதட்டோரம்தான் பிரியும். கல்லில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துப் பிரித்துக்கொள்ளும். பிரிந்த தலைப்பகுதி அங்கேயே மாட்டிக்கொள்ளும், உடம்பு முன்னால் ஊர்ந்து வந்துவிடும். சாக்ஸ் கழற்றுகிற மாதிரி உள்பக்கம் வெளியே புரண்டுவிடும். கடைசியில் கழல்வது வால். வால் நுனி காட்டுகிற பக்கம்தான் பாம்பு போன பக்கம். உரியும்போது சட்டை இழுபட்டு நீளும், அதனால் ஆறடியும் இருக்காது மாமா.

பெரிய மாமா: ம்

சின்ன மாமா: விஷப்பாம்பா?

கார்த்தி: தலைச் செதில்களைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். கிட்டத்தில் ஒரு போட்டோ போடுங்கள் சித்தி.

சித்தி: போட்டிருக்கிறேன். கண் இருக்கும் இடத்தில் வட்டமாகக் கண்ணாடி மாதிரி என்ன அது?

கார்த்தி: அது கண்ணை மூடியிருக்கும் செதில்! பாம்புக்கு இமையே கிடையாது, அந்தத் தெளிவான செதில்தான் காவல். சட்டையோடு அதுவும் உரியும். அதற்குச் சில நாள் முன்பு கண் பால் பூத்த மாதிரி மங்கிவிடும், பார்வை சரியாகத் தெரியாது. அப்போது எங்காவது ஒதுங்கிக் கிடக்கும்.

மாலதி: கண் என்றதும் ஞாபகம் வருகிறது, பாட்டி ஆபரேஷன் தேதி என்ன?

பெரிய மாமா: இன்னும் சொல்லவில்லை. விஜயா, அந்தச் சுவர் ஓட்டை வழியாகத்தான் வந்திருக்கும். அப்பா இருந்தபோதே அடைக்கச் சொன்னேன்.

சின்ன மாமா: பாதிப் பணம் தருகிறேன் என்று நானும் அப்போதே சொன்னேன் அண்ணா.

பெரிய மாமா: சொன்னாய்.

மாலதி: சித்தி, சட்டையை நகர்த்தினீர்களா?

சித்தி: துடைப்பத்தால் லேசாகத் திருப்பிப் பார்த்தேன்.

கார்த்தி: சித்தி! அப்போது திசை சொல்ல முடியாது

மாலதி: போச்சு

கார்த்தி: செருப்பு, பழைய சாமான் இடுக்கில் கை விட வேண்டாம். கண்ணில் பட்டால் அடிக்காதீர்கள், தள்ளி நின்று பாம்பு பிடிப்பவரைக் கூப்பிடுங்கள்.

சின்ன மாமா: நான் சனிக்கிழமை சீக்கிரம் வருகிறேன். சுவரைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

பெரிய மாமா: பார்க்கலாம்.

கார்த்தி: சட்டையைப் பழைய நோட்டுக்குள் பத்திரமாக வையுங்கள் சித்தி, நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

சித்தி: வீட்டுக்குள் வைக்க மாட்டேன். படியிலேயே இருக்கட்டும், வந்து எடுத்துக்கொள்.