புதுப்பிப்பு: கரண்ட் போனால் சம்ப் வழிந்த சிக்கல் தீர்ந்தது

கரண்ட் போனதும் மீன்தொட்டித் தண்ணீர் கீழே சம்பில் (தொட்டிக்கு அடியில் இருக்கும் வடிகட்டித் தொட்டி) இறங்கி, தரையெல்லாம் வழிகிறது என்று இரண்டு மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கை கொடுத்தது, ரிட்டர்ன் குழாயில் (சம்பிலிருந்து மோட்டார் தண்ணீரை மேலே தொட்டிக்கு ஏற்றும் குழாய்) ஓட்டை போடச் சொன்ன யோசனைதான். குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தது. மோட்டார் நின்றால், அந்த வாய் வெளியே தெரியும்வரை தண்ணீர் அதே குழாய் வழியே திரும்பி இறங்கும். தொட்டி 90க்கு 45 செ.மீ.; ஒரு செ.மீ. இறங்கினாலே 4 லிட்டர். ஆக 40 லிட்டர் சம்புக்கு வந்திருக்கிறது! நீர்மட்டத்துக்கு ஒரு செ.மீ. கீழே 6 மி.மீ. துளை போட்டேன். இப்போது மோட்டார் நின்றதும் துளை கொர்ரென்று காற்றை இழுக்கிறது, தண்ணீர் நின்றுவிடுகிறது. தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வும் மாட்டிப் பார்த்தேன். பாசி சிக்கி ஒழுகியது, காசு தண்டம்.

எதிர்பாராதது: மூன்றாம் வாரம் ஒரு குட்டி நத்தை துளையில் போய் உட்கார்ந்துகொண்டது. மறுபடி ஈரத்தரை. இப்போது இரண்டு துளை. ஞாயிறுதோறும் பல்குத்தும் குச்சியால் ஒரு குத்து.