திருப்பூர் பவர்டேபிள் யூனிட்: உள்நாட்டு ஆர்டருக்கும் கூலி பாக்கிக்கும் வழிகாட்டல் தேவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனங்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறிய பவர்டேபிள் யூனிட் நடத்தி வருகிறேன். 2025 ஆகஸ்ட் 27 அன்று, பெரும்பாலான இந்தியப் பொருட்கள் மீதான அமெரிக்கக் கூடுதல் வரி 50 சதவீதமாக உயர்ந்ததிலிருந்து எங்களுக்கு வரும் டி-சர்ட் வேலை பாதிக்கும் கீழே போய்விட்டது.

வாடகையைப் பிறகு தரச் சொன்ன கட்டட உரிமையாளர், கடனுக்கு நூல் கோன் தரும் கடைக்காரர், சனிக்கிழமைச் சம்பளம் குறைந்தும் வேறிடம் போகாத ஓவர்லாக் டெய்லர்கள் ஆகியோரின் தயவில்தான் யூனிட் இன்றும் திறந்திருக்கிறது. மிச்சமாகும் பிட் துணியை எடைக்கு வாங்கிக் குழந்தைகளுக்கான பனியன் தைக்கிறோம். ஒரே நிறத்தில் போதிய துணி கிடைக்காததால், கழுத்துப் பட்டிக்கும் கைக்கும் வேறு நிறம் வைத்து அதையே டிசைனாக்கிவிட்டோம். சந்தையில் விற்கிறது, கையில் மிஞ்சுவதுதான் சொற்பம்.

பள்ளி விளையாட்டுச் சீருடை போன்ற உள்நாட்டு ஆர்டர் எடுத்த அனுபவமுள்ளவர்கள், முன்பணம் எவ்வளவு கேட்பது, சாம்பிள் செலவை யார் ஏற்பது என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

மற்றொன்று, ஏற்றுமதி நிறுவனங்கள் எனக்குத் தர வேண்டிய பழைய கூலி பாக்கி. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு வைத்திருக்கிறேன். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி அதிகபட்சம் 45 நாட்களில் பணம் வர வேண்டும், தாமதமானால் வட்டியும் கோரலாம். ஆனால் தாமதமாகும் பணத்துக்கான அரசின் இணையதளத்தில் புகார் கொடுத்தால் அடுத்த வேலை வராதோ என்று தயங்குகிறேன். உறவு கெடாமல் பாக்கியை வசூலித்தவர்கள், நேரில் பேசினீர்களா, ஆடிட்டர் மூலம் கடிதம் அனுப்பினீர்களா என்பதைச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.