பைன் மரக் கலப்பினம்: ஒரு சந்தேகம், யாராவது தீர்த்து வைப்பீர்களா?

வணக்கம் நண்பர்களே. முதுகலைத் தாவரவியல் படிக்கிறேன். அடுத்த வாரம் வகுப்பில் பேச பைனஸ் டென்சாட்டா மரத்தை எடுத்திருக்கிறேன். ஆர்வக்கோளாறில் எடுத்துவிட்டு இப்போது முழிக்கிறேன்.

திபெத் பீடபூமியின் தென்கிழக்கில் வளரும் பைன் இது. பைனஸ் டாபுலிஃபார்மிஸ், பைனஸ் யுன்னானென்சிஸ் என்ற இரண்டு இனங்கள் கலந்து பிறந்தது. கோதுமை மாதிரி குரோமோசோம் பெருகிப் புதிய இனமானது என்றால் எனக்குப் புரியும். ஆனால் இங்கே பெற்றோருக்கும் 24, பிள்ளைக்கும் 24. ஊசியிலை மரங்களில் குரோமோசோம் பெருக்கமே அபூர்வம் (கலிஃபோர்னியாவின் ரெட்வுட் மரம் ஒரு விதிவிலக்கு).

தாய் தந்தையைக் கண்டுபிடிக்கும் வழி மட்டும் அழகாகப் புரிந்தது. பைனில் மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ தாய்வழி, பசுங்கணிகத்தின் (குளோரோபிளாஸ்ட்) டிஎன்ஏ மகரந்தம் வழியாகத் தந்தையிடமிருந்து. இரண்டையும் ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

என் சந்தேகம் இதுதான். மகரந்தமோ காற்றில் பறப்பது. எண்ணிக்கை ஒன்றே என்பதால் பெற்றோருடன் சேர குரோமோசோம் தடையும் இல்லை. அப்படியிருக்க, கலப்பினம் மறுபடி பெற்றோருடனேயே கலந்து கரைந்து போகாமல் எப்படித் தனி இனமாக நின்றது? பெற்றோரால் தாக்குப்பிடிக்க முடியாத உயரத்தில் இது வாழ்வதுதான் காரணம் என்கிறார்கள். அந்த ஒரு காரணம் போதுமா?

அப்புறம், குரோமோசோம் எண்ணிக்கை மாறாத இந்தக் கலப்பின இனமாக்கத்துக்குத் தமிழில் நல்ல கலைச்சொல் இருந்தால் சொல்லுங்கள். வியாழனுக்குள் கிடைத்தால் பிழைத்துக்கொள்வேன்.