ஒரே ஒரு சோடி ஃபின்ஸ்: எதை வாங்க?

கல்முனைத் தம்பி:
ஸ்கூபா டைவிங்கில் முதல் படிப்பான ஓப்பன் வாட்டர் முடித்துவிட்டேன். நீந்தக் காலில் மாட்டுகிற துடுப்பு, அதுதான் ஃபின்ஸ், இவ்வளவு நாளும் வாடகைக்குத்தான், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு, குதிக்கால் இரண்டும் தோல் உரிந்து கிடக்கிறது. சாச்சா மகன் அடுத்த மாதம் கட்டாரில் இருந்து வருகிறார், "என்ன வேணும் சொல்லு" என்கிறார், ஆனால் பெட்டியில் ஒரு சோடிக்குத்தான் இடம். நான் போகிற இடம் மூன்று: பாசிக்குடாவில் முருகைக்கல் பார்க்க, கல்லடியில் கரையில் இருந்து நடந்தே இறங்க, அடுத்த படிப்பான அட்வான்ஸ்ட் முடித்தபிறகு கடலடியில் கிடக்கிற பிரிட்டிஷ் சார்ஜன்ட் கப்பலுக்கு. மூன்றுக்கும் ஒன்று போதுமா?

கல்லடிக்காரன்:
தடித்த இறப்பர், குதிப்பக்கம் திறந்தது, பூட்ஸோடு போடுவது, குதிக்குப் பின்னால் ஸ்பிரிங் வார். யோசிக்க ஒன்றுமில்லை. அந்த மாதிரி இறப்பர் ஃபின்ஸ்தான் ஜெட்ஃபின், 1960களில் வந்த சாமான், இன்றைக்கும் கப்பலுக்குள் நுழைகிறவன் காலில் அதுதான் கிடக்கிறது, அதிலேயே விளங்க வேண்டாமா? கல்லடிக் கரை எப்படி என்று உனக்குத் தெரியும், அலை கரையிலேயே அடித்து உடையும், மணல் சுடும், சிப்பி கிடக்கும், வெறுங்காலோடு சிலிண்டரையும் சுமந்துகொண்டு நடந்து பார் தம்பி. பூட்ஸோடு இடுப்பளவு தண்ணீர் வரை போய், ஒரு அலை போனதும் ஒற்றைக் காலில் நின்று வாரை இழுத்துவிட்டால் முடிந்தது. குதியையும் மூடுகிற முழுப்பாத ஃபின்ஸை அந்த இடத்தில் நின்று மாட்டப் பார்த்தால் அடுத்த அலை உன்னையும் ஃபின்ஸையும் சேர்த்துக் கரையில் போடும்.

பாசிக்குடா அலை:
கல்லடி அண்ணன் எப்போதும் இதேதான். ஜெட்ஃபினைக் கொண்டாடினது குளிர்நாட்டுக்காரர்கள். உள்ளே காற்று நிற்கிற டிரை சூட் போட்டால் கால் மேலே மிதக்கும், அதைக் கீழே இழுக்கப் பாரமான இறப்பர் வேண்டும். எங்கள் தண்ணீர் 28, 29 பாகை, பாதிப் பேர் மெல்லிய சூட்டோடு இறங்குகிறோம், சிலர் ரீசேர்ட்டோடு. அதற்கு மேல் இரண்டரை மூன்று கிலோவைக் காலில் கட்டினால் கால் தொங்கும், தொங்கினால் ஃபின்ஸ் போய் முருகைக்கல்லில் இடிக்கும். பாசிக்குடாவில் ஏற்கனவே உடைந்து கிடப்பது போதாதா? தம்பி, இலேசான முழுப்பாத ஃபின்ஸ் எடு. போட்டில் இருந்து இறங்குகிறவனுக்கு பூட்ஸ் எதற்கு?

கல்லடிக்காரன்:
கால் தொங்குகிறது என்று சொல்கிறாய், சிலிண்டரை மறந்துவிட்டாய். இங்கே எல்லா இடத்திலும் கொடுப்பது அலுமினியம் 80 என்கிற சிலிண்டர். காற்று குறையக் குறைய அதன் அடிப்பக்கம் மேலே எழும்பும், டைவ் முடிகிற நேரம் அது மிதக்கிற சாமான். மேலே வருமுன் செய்கிற பாதுகாப்பு நிறுத்தத்தில் 5 மீற்றரில் நிற்கும்போது பின்பக்கம் தூக்கித் தலைகீழாகத் திரிகிறவர்களை நீயே பார்த்திருப்பாய். அங்கே அந்தப் பாரம் உதவும்.

பாசிக்குடா அலை:
அதற்கு, பாரத்துக்குக் கட்டுகிற ஈயத்தை இடம் மாற்றிக் கட்டினால் சரி. காலில் இரும்பு கட்டத் தேவையில்லை.

கல்லடிக்காரன்:
இரும்பு இல்லை, இறப்பர் :)

ஆரையம்பதி அக்கா:
இரண்டு பேரும் இருபத்தைந்து வயதுக் காலை வைத்துக் கதைக்கிறீர்கள். எனக்கு வலது முழங்கால் சரியில்லை. விறைப்பான ஃபின்ஸோடு அரை மணி நேரம் அடித்தால் அன்றிரவு படி ஏற முடியாது, கெண்டைக்கால் வேறு பிடித்து இழுக்கும். நடுவில் பிளந்த ஸ்பிளிட் ஃபின்ஸுக்கு மாறிய பிறகுதான் நிம்மதி. சின்னச் சின்னதாக, வேகமாக அடித்தால் போதும், பெரிதாக உதைக்க வேண்டாம். கால் களைக்காவிட்டால் மூச்சு வாங்காது, மூச்சு வாங்காவிட்டால் காற்று மிஞ்சும். யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள், ஸ்பிளிட் என்றால் பொம்பிளைச் சாமான் என்று ஒரு சிரிப்பு வேறு.

கல்லடிக்காரன்:
சிரிக்கவில்லை அக்கா, நேராகப் போகிறதற்கு அது நல்லது. ஆனால் தவளை உதை உதைக்கப் பாருங்க, பிளந்த இலை, அதாவது ஃபின்ஸின் தட்டை, தண்ணீரைப் பிடிக்காமல் நழுவிவிடும். பின்னுக்கு வருவது, நின்ற இடத்தில் திரும்புவது, எல்லாம் கஷ்டம். கப்பல் பக்கத்தில் அதுதான் முக்கியம். மேலும் கீழும் அடித்தால் அடியில் கிடக்கிற சேறு எழும்பி, பின்னால் வருகிறவனுக்குக் கண் தெரியாது. மூழ்கிய கப்பல் என்றால் பழைய வலைகளும் சிக்கிக் கிடக்கும், அந்தப் பிளவுக்குள் ஒரு நைலோன் நூல் மாட்டினால்?

ஆரையம்பதி அக்கா:
உங்கள் வார் பக்கிளில் மாட்டாதா?

கல்லடிக்காரன்:
மாட்டும். அதனால்தான் ஸ்பிரிங் வார் என்றேன், தொங்குகிற நுனியே இல்லை. சாதா வார் என்றால் நுனியை உள்பக்கமாகத் திருப்பி ரேப் ஒட்ட வேண்டும். தவளை உதை பற்றிச் சொன்னதற்கு நீங்கள் பதில் சொல்லவில்லை.

ஆரையம்பதி அக்கா:
நான் கப்பலுக்குள் போவதில்லை, அதுதான் பதில்.

கல்முனைத் தம்பி:
நீரோட்டத்துக்கு எது நல்லது என்று ஒருவரும் சொல்லவில்லையே. போன கிழமை கயிறு பிடித்து இறங்கும்போது கொடி மாதிரிப் பறந்தேன்.

பாசிக்குடா அலை:
நீளமான இலை. ஃப்ரீ டைவிங் ஆட்கள் போடுகிற மாதிரி.

வாழைச்சேனைப் பழசு:
தம்பி, அலை சொல்வதைக் கேட்டு நீளமாக வாங்கிவிடாதே. ஃப்ரீ டைவிங் இலை, மூச்சை அடக்கி நேராகக் கீழே போய் நேராக மேலே வருகிறவனுக்கு. சிலிண்டரோடு அதை இழுத்தால் கணுக்கால் கழன்றுவிடும், போட்டில் நடக்கவும் முடியாது. ஒரு நொட் வேக நீரோட்டத்தை எதிர்த்து எந்த ஃபின்ஸ் போட்டாலும் நிறைய நேரம் போக முடியாது. கயிற்றை விடாதே, கீழே போ, அடியோடு ஒட்டிப் போனால் இழுவை குறையும், போகும்போது எதிர்த்துப் போய் வரும்போது அதோடு வா. விறைப்பான ஃபின்ஸ் ஒரு நிமிடம் அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான். அக்கரையில், இராமநாதபுரம் பக்கம், சங்கு குளிக்கிறவர்கள் அலுமினியத் தகட்டைச் செருப்பு மாதிரிக் காலில் மாட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள். அவர்களைப் பார்த்தால் இந்தச் சண்டை எனக்குக் கொஞ்சம் சிரிப்பாக இருக்கிறது.

அப்புறம், கல்லடியார் கப்பல் கப்பல் என்கிறார், எந்தக் கப்பல்? சார்ஜன்ட் 24 மீற்றர் அளவு, அட்வான்ஸ்டோடு போகலாம். ஹெர்மிஸ் என்கிற பிரிட்டிஷ் போர்க்கப்பல் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது, 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பான்காரன் அடித்தது. அதற்கு ஃபின்ஸ் அல்ல, வேறு படிப்பும் வேறு காற்றும் வேண்டும். தம்பி இன்னும் 18 மீற்றர் வரை இறங்கப் படித்தவன்தான், கப்பலுக்கு வெளியே நின்று பார்க்கிற ஆள், அவனுக்கு இப்போதே ஜெட்ஃபின் எதற்கு?

கல்லடிக்காரன்:
ஐயா சொன்னால் கேட்கிறேன், ஆனால் பழக்கம் முதல் சோடியில்தான் வரும். மெல்லிய ஃபின்ஸில் சைக்கிள் மிதிக்கிற மாதிரி அடிக்கப் பழகியவனைப் பிறகு திருத்துவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும்.

வாழைச்சேனைப் பழசு:
அதில் நியாயம் இருக்கிறது. சரி, குதி திறந்ததையே எடுக்கட்டும், கல்லடியில் நடக்கிறவனுக்கு பூட்ஸ் வேண்டும்தான். ஆனால் இறப்பர் வேண்டாம், நடுத்தர விறைப்பு, பிளக்காத இலை, பிளாஸ்டிக் கலந்தது, தண்ணீரில் மூழ்கவும் மாட்டாது மிதக்கவும் மாட்டாது என்கிற மாதிரி ஒன்று. கட்டாரில் இருந்து வருகிற பெட்டிக்கும் அதுதான் வசதி.

பாசிக்குடா அலை:
என் கட்சி தோற்றுவிட்டது போல. முழுப்பாதம் இரவலாக வேண்டுமென்றால் என்னிடம் ஒன்று கிடக்கிறது, 42 அளவு.

கல்முனைத் தம்பி:
எனக்கு 43. நன்றி எல்லோருக்கும், சாச்சா மகனுக்கு ஐயா சொன்னதையே அனுப்பிவிட்டேன்.

ஆரையம்பதி அக்கா:
பூட்ஸையும் சேர்த்துச் சொன்னீர்களா? பூட்ஸ் போட்டால்தான் ஃபின்ஸ் அளவு தெரியும். வெறுங்கால் அளவை அனுப்பியிருந்தால் இன்றைக்கே அழைத்துச் சொல்லுங்கள்.

கல்முனைத் தம்பி:
அனுப்பிவிட்டேன் அக்கா. வெறுங்கால் அளவைத்தான். இப்போதே அழைக்கிறேன்.