கடை போட்ட இடம்: உங்களுக்கு என்ன நடந்தது?

நெற்குன்றம்
கோயம்பேடு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் டிபன் கடை வைத்திருந்தேன். ராத்திரி வியாபாரம்தான். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தது, தென்மாவட்ட வண்டிகள் எல்லாம் அங்கே போயின, அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பிப்ரவரியில் ஒரு ராத்திரிதான் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. வழக்கமாகப் பத்தரை மணிக்கு மதுரை, திருநெல்வேலி வண்டிக்காரர்கள் பையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவார்கள். அன்றைக்கு ஆளே இல்லை. மாஸ்டர் ஒரு தோசைகூட ஊற்றாமல், கல்லில் தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஒரு மணிக்கு மாவு பொங்கி மூடியைத் தள்ளியது.

அம்பத்தூர் மெஸ்
அண்ணா, இடத்தை மட்டும் குறை சொன்னால் எப்படி? தொழிற்பேட்டை உள்தெருவில் ஆறு வருஷமாக மதியச் சாப்பாடு போடுகிறேன். தேடித்தான் வருகிறார்கள்.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்குச் சொல்கிறேன். மூன்று நாள் அந்த இடத்தில் போய் நில்லுங்கள், காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. நடந்து போகிறவர்களை எண்ணாதீர்கள், நிற்கிறவர்களை எண்ணுங்கள். முன்பு கடை வைத்திருந்தவர் ஏன் காலி செய்தார் என்று புரோக்கரிடம் கேட்காமல் பக்கத்து டீக்கடையில் கேளுங்கள். மேற்குப் பார்த்த கடை என்றால் சாயங்கால வெயில் பழத்தை ஒரு வழி பண்ணிவிடும். கரன்ட் இணைப்பு வீட்டுக் கணக்கிலா, கடைக் கணக்கிலா என்று பாருங்கள். 11 மாத ஒப்பந்தம் என்றால் அடுத்து எவ்வளவு ஏற்றுவார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

கறந்த பால்
அம்பத்தூர் மெஸ், மூன்று நாள் இல்லை, நான் மூன்று வாரம் நின்று பார்த்தேன். கடை திறந்த ஐந்தாம் மாதம் ரோட்டு நடுவில் கான்கிரீட் தடுப்பு வைத்தார்கள். திரும்பி வர முக்கால் கிலோமீட்டர் போக வேண்டும். தினமும் அரை லிட்டர் வாங்கும் பாட்டி தூக்குவாளியோடு எதிர்ப்பக்கம் நின்று என்னையே பார்த்தார். தடுப்பில் கை வைத்து ஏறப் பார்த்தார். “வராதீங்க பாட்டி, லாரி வருது!” என்று கத்தினேன். வாளியைப் புடவையில் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார். அதற்கப்புறம் அவரைப் பார்க்கவில்லை. இதற்கு எந்த டீக்கடையில் போய்க் கேட்பது?

பாரிமுனை
நெற்குன்றம், உங்கள் கதையைப் படித்ததும் எங்கள் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. பழைய பிராட்வே பேருந்து நிலையத்தின் பக்கம் பெட்டி, பை விற்றார். 2002-இல் வெளியூர் வண்டிகள் கோயம்பேட்டுக்குப் போயின. கடையைக் காலி செய்த அன்று, பைகள் உப்பலாகத் தெரிய உள்ளே திணித்திருந்த செய்தித்தாள்களை ஒவ்வொன்றாக உருவி, தொடையில் வைத்து நீவி அடுக்கினார். எடைக்குப் போடத்தான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எங்களை விட்டுப் போன கூட்டம்தான் உங்கள் கடைக்கு வந்தது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை.

நெற்குன்றம்
தெரியும் தம்பி. நான் கடை பிடித்தபோது வீட்டுக்காரர் அதைச் சொல்லித்தான் அட்வான்ஸ் கேட்டார், “பிராட்வே கூட்டம் மொத்தமும் இங்கதான்” என்று. மாஸ்டர் இப்போது கிளாம்பாக்கத்துக்குப் பக்கத்தில், ஊரப்பாக்கத்தில் ஒரு கடையில் இருக்கிறார். நான் வீட்டிலேயே மாவு அரைத்துப் பாக்கெட் போடுகிறேன். அப்பா அப்புறம் என்ன செய்தார்?