வலன்டினோ மட்சோலா: நடுக்களமா, முன்களமா?

கேள்வி (தலவாக்கலை)
தோட்டத்து உதைபந்தாட்ட அணியில் 15, 16 வயசுப் பிள்ளைகளுக்கு நடுக்கள ஆட்டம் பழக்க, இத்தாலியின் டொரினோ கழகத்து அந்தக் காலக் கப்டன் மட்சோலாவை உதாரணமாக எடுக்க யோசனை. ஆனால் 1946-47இல் 29 கோல் போட்டு இத்தாலி லீக்கிலேயே முதலிடம் அவருக்குத்தான். அவரை எப்படி நடுக்கள வீரர் என்பது? மைதானம் சின்னது, ஒரு பக்கம் சரிவு. அதில் எதைப் பழக்கலாம்?

பதில் (ஹட்டன்)
தம்பி, கோலை எண்ணி இடத்தை முடிவு பண்ணாதீங்க. அவர் இன்சைட் லெஃப்ட், அதாவது முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் இடப் பக்கம் ஆடுபவர். அன்றைய டபிள்யூ-எம் முறையில் பின்னால் 3, அடுத்து 2 ஹாஃப் (பின்வரிசைக்கு முன்னால் நிற்கும் நடுக்கள வீரர்), அடுத்து 2 இன்சைட், முன்னால் 3. நடுவில் வரும் நாலு பேரும் ஒரு சதுரம். பின் மூலைகளில் கிரேசார், கஸ்திலியானோ. முன் மூலைகளில் லோயிக், மட்சோலா. பந்து பறிபோனால் மட்சோலா தன் கோல் பக்கம் வரை இறங்கிப் பறிப்பார், அதே மூச்சில் எதிர் கோலுக்கு ஏறுவார். லோயிக்கோடு அந்தப் புரிதல் வெனிசியா கழகத்திலேயே வந்தது. 1941இல் அங்கே இத்தாலிக் கிண்ணம் வென்று, 1942இல் இருவரும் ஒன்றாக டொரினோ போனார்கள்.

பதில் (பண்டாரவளை)
சதுரத்தையே பழக்குங்க அண்ணே. 25க்கு 20 மீற்றர் கட்டம், மூலைக்கு ஒருவர், நடுவில் பறிக்க இருவர். பந்தை ஆளுக்கு இரண்டு தொடுதல்தான். பறிபோனால் நாலு பேரும் 5 செக்கனுக்குள் திருப்பி எடுக்கணும். பிழை வருகிற இடம் ஒன்று: முன் மூலைப் பையன் கோல் ஆசையில் மேலேயே நின்றுவிடுவான், ஆட்டத்தில் ஹாஃப் இருவரும் எதிரணியின் நாலு பேரிடம் மாட்டுவார்கள். அங்கேயே விசில் அடித்து நிறுத்துங்க. சரிவில் பள்ளத்துப் பக்கம் ஓடுகிறவனுக்குக் காலுக்கே பாஸ். முன்னால் போட்டால் பந்து தேயிலைக்குள்தான். 4 நிமிஷத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்க. மழை விட்ட சேற்றில் தரைப் பாஸ் பாதியில் நின்றுவிடும், கொஞ்சம் தூக்கிப் போடச் சொல்லுங்க.

பதில் (பதுளை)
வேகம் மாற்றுவதையும் சேருங்க. டொரினோவின் சொந்த மைதானமான பிலடெல்பியாவில் அணி மந்தமானால் ரசிகர் ஒருவர் ஊதுகொம்பு ஊதுவார், மட்சோலா சட்டைக் கையைச் சுருட்டுவார். அடுத்த கால் மணி நேரம் முழு அணியும் பாயும். பயிற்சியில் கடைசி 15 நிமிஷத்தை அதற்கு வையுங்க.

இத்தாலிக்கு அவர் 12 ஆட்டம்தான் ஆடினார். யுத்தத்தால் 1942 ஏப்ரல் முதல் 1945 நவம்பர் வரை தேசிய அணிக்கு ஆட்டமே இல்லை. 1947 மே 11 ஹங்கேரிக்கு எதிராக இறங்கிய பதினொருவரில் கோல் காப்பாளர் தவிர பத்துப் பேரும் டொரினோ.

1949 மே 4, லிஸ்பனிலிருந்து டொரினோ அணியோடு திரும்பிய விமானம் மூடுபனியில் சுபெர்கா மலைத் தேவாலயத்தின் பின்சுவரில் மோதியது. 31 பேரும் இறந்தார்கள். மட்சோலாவுக்கு 30 வயசு. லீக்கில் மீதி இருந்த 4 ஆட்டத்தையும் டொரினோவின் இளைஞர் அணி ஆடியது. எதிரணிகளும் தங்கள் இளைஞர்களையே இறக்கின.