ஸ்டாக்வர்க்குக்குத் தமிழ் என்ன? பிரெண்டா செம்பு-மாலிப்டினச் சுரங்கப் பாடத்துக்கு அவசரமாக ஒரு சொல்

மீ. எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இரண்டாம் ஆண்டு நிலவியல் மாணவர்களுக்குத் தமிழில் ஒரு பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எடுத்துக்காட்டாக வைத்திருப்பது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ஒகனாகன் ஏரிக்கரையில் உள்ள பீச்லாந்துக்கு மேற்கே மலைமேல் இருக்கும் பிரெண்டா சுரங்கம். 1970இல் உற்பத்தி தொடங்கி 1990இல் மூடப்பட்ட திறந்தவெளிக் குழி. பாறையில் செம்பு 0.2 விழுக்காடுகூட இல்லை, மாலிப்டினம் 0.04 அளவில்தான். இருந்தும் சுமார் 2,78,000 டன் செம்பும் 66,000 டன் மாலிப்டினமும் எடுத்தார்கள்.

சிக்கல் இதுதான். அங்கே தாது பாறை முழுவதும் தூவினாற்போல் கிடக்கவில்லை. நூல் நூலாக ஓடும் நுண்வெடிப்புகளுக்குள் இருக்கிறது. ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டி, எல்லாத் திசையிலும் பின்னிக் கிடக்கும் அந்த அமைப்புதான் ஸ்டாக்வர்க். முதல் வரைவில் 'கிளைநரம்புத் தொகுதி' என்று எழுதினேன். படித்துப் பார்த்த மாணவி ஒருத்தி, "மேடம், இது உடற்கூறியல் பாடமா?" என்று கேட்டுவிட்டாள். வேறு சொல் தேவை. நாலைந்து எழுத்துக்குள் இருந்தால் படத்தின் கீழே போடவும் வசதி.

கு. எழுதியது:

டீச்சர், நாங்கள் களத்தில் ஸ்டாக்வர்க் என்றுதான் சொல்கிறோம், ஒரு குறையும் வந்ததில்லை. மாணவர்கள் நாளைக்கு வேலைக்குப் போனால் அந்தச் சொல்தான் காதில் விழும். தமிழ் எழுத்தில் அப்படியே போடலாம்.

ஆனால் பொருளைச் சரியாகப் புரியவைக்க வேண்டும், அதற்காக இதைச் சொல்கிறேன். பிரெண்டாவில் தாதுவுடலின் விளிம்பில் ஒரு மீட்டருக்கு 9 வெடிப்புகூட இருக்காது. நடுவே போகப் போக 63, சில இடத்தில் 90 வரை எண்ணியிருக்கிறார்கள். தரம் ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் இந்த எண்ணிக்கையால்தான், அப்புறம் ஒவ்வொன்றின் தடிப்பு, உள்ளே நிரம்பிய கனிமம். கோர், அதாவது துளையிட்டு எடுத்த பாறை உருளை, அடுக்கிய பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு டேப்பைப் பிடித்து ஒவ்வொரு கோடாக எண்ணுகிற வேலை. பித்தளை மஞ்சளாகத் தெரிந்தால் செம்புத் தாதுவான கால்கோபைரைட். ஈய நிறத்தில் வழுக்கிக்கொண்டு விரலில் ஒட்டினால் மாலிப்டினத் தாதுவான மாலிப்டினைட். இந்த இரண்டாவது ஆள்தான் தொல்லை. நகத்தால் கீறினாலே வரும், துளையிடும்போது ஊற்றுகிற தண்ணீரோடு கழுவிக்கொண்டு போய்விடும். கோரை மட்டும் நம்பினால் உள்ளதைவிடத் தரம் குறைவாகக் காட்டும். 'பின்னல்' என்பது சொல்லில் இருக்கட்டும், அதைவிட முக்கியம் அந்த எண்ணிக்கை.

வே. எழுதியது:

பேரன்புடையீர்,

நண்பர் கு. அயற்சொல்லை அப்படியே ஆளலாம் என்கிறார். அச்சொல்லின் வரலாறு அறிந்தே சொல்கிறாரா? அது ஜெர்மானியச் சுரங்கத்தார் வழக்கு. இன்று அம்மொழியில் ஸ்டாக்வெர்க் என்றால் கட்டடத்தின் மாடி. தாதுத் திரளை மாடி மாடியாக, தளம் தளமாக வெட்டியெடுத்த முறையிலிருந்து அத்திரளுக்கே அப்பெயர் வந்தது. பின்னல் என்ற பொருள் அச்சொல்லில் எங்கும் இல்லை. 'மாடி' என்று பொருள்படும் ஒன்றைப் பின்னலுக்குப் பெயராக்கி மாணவர் தலையில் ஏற்றுவானேன்?

நரம்பு என்பதை அம்மாணவி மறுத்தது நம் காலத்துக் கேடு. 'நரம்பெழுந்து உலறிய நிரம்பா மென்றோள்' என்று புறநானூற்றில் முதியவளைப் பாடுகிறாள் நச்செள்ளை. தோலுக்கு மேல் புடைத்துத் தெரிவது எது? இன்று உயிரியலார் சிரை என்பதுதான். பிறகு யாழின் தந்திக்கும் அதுவே பெயராயிற்று. உணர்ச்சி கடத்தும் இழைக்கு அதை ஒதுக்கியது அண்மைக்காலத்துப் பாடநூல். ஆக, பாறையில் புடைத்தும் கிளைத்தும் ஓடுவதற்கு நரம்பைவிடப் பழஞ்சொல் நமக்கு இல்லை.

புணர்ச்சியும் நோக்குக. இரும்பு இருப்புப்பாதை ஆகிறது, செம்பு செப்புக்குடம் ஆகிறது, கரும்பு கருப்பஞ்சாறு ஆகிறது. நரம்பும் நரப்புக்கருவி என உரையாசிரியர் வழக்கில் உண்டு. எனவே என் பரிந்துரை: நரப்புப்பின்னல். சுரங்கத்தையும் செப்புச் சுரங்கம் என்றே எழுதுக.

அ. எழுதியது:

ஐயா, வணக்கம். யாழ் நரம்பு வரை வந்தது படிக்க இனிமையாக இருந்தது. ஆனால் 'நரப்புப்பின்னல்' என்று அச்சிட்டால் பத்தில் எட்டுப் பேர் 'ம்' விட்டுப்போன அச்சுப்பிழை என்றுதான் நினைப்பார்கள். நான் நாளெல்லாம் மொழிபெயர்ப்பில் உட்கார்ந்திருப்பவன். இலக்கணப்படி சரியான சொல்லைப் பிழைதிருத்துபவர் 'திருத்தி' அனுப்பிய கதை என்னிடம் நிறைய உண்டு.

என் ஓட்டு 'இழைவலை'. சின்னது, எல்லாருக்கும் தெரிந்த இரண்டு சொற்கள்.

கு. எழுதியது:

தம்பி, இழைவலை என்றால் மெல்லிய கோடு மட்டும்தானே கண்ணுக்கு வருகிறது. பிரெண்டாவில் தடித்த குவார்ட்ஸ் பட்டைகளும் உண்டு. வலை என்றாலும் இடிக்கிறது. வலையில் எல்லாக் கண்ணியும் ஒரே நேரத்தில் முடிந்தவை. இங்கே முதலில் பயோட்டைட்டோடு கால்கோபைரைட் வந்தது. அதை வெட்டிக்கொண்டு குவார்ட்ஸும் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரும் சல்பைடுகளும் வந்தன. அதற்கும் பிறகு குவார்ட்ஸ், மாலிப்டினைட், பைரைட். எது எதை வெட்டுகிறது என்று பார்த்துத்தான் மூத்தது எது, இளையது எது என்று சொல்கிறோம். பாறை ஒருமுறை வெடித்து ஓய்ந்துவிடவில்லை, திரும்பத் திரும்ப வெடித்தது, ஒவ்வொரு முறையும் சூட்டுநீர் வேறு சரக்கைக் கொண்டுவந்து அடைத்தது. 'பின்னல்' ஓரளவு அதைச் சொல்கிறது, ஒன்றன்மேல் ஒன்று போகும் இல்லையா.

த. எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இலங்கையிலிருந்து ஒரு குரல். நாங்கள் கனிமம் என்பதையே கனியம் என்று எழுதிப் படித்தவர்கள், ஆகவே எங்கள் சொல் எப்படியும் உங்களுக்கு ஒரு மாற்றுக் குறைவாகத்தான் தெரியும்!

சூட்டுநீர் ஓடிய வழி என்று கு. அண்ணை சொன்னதால் கேட்கிறேன்: 'நாளம்' ஏன் ஆகாது? குருதி ஓடுவதும் நாளம்தான். நரம்பு என்றால் பிள்ளைகள் மூளைக்குப் போய்விடுகினம். நாளம் என்றால் உள்ளே ஏதோ ஓடியது என்று தானாகவே விளங்கும். நாளப்பின்னல்.

இன்னொன்று, தலைப்புக்குச் சற்று வெளியே. மாலிப்டினம் என்ற பெயரின் மூலம் கிரேக்கத்தில் ஈயம். ஈயத்தாதுவையும் பென்சிற்கரியையும் மாலிப்டினைட்டையும் ஒரே பெயரால் குழப்பிக்கொண்டிருந்தார்கள். 1778இல் சுவீடன் வேதியியலார் ஷீலேதான் இது வேறு என்று பிரித்துக் காட்டினார். 1781இல் யெல்ம் உலோகத்தைப் பிரித்தெடுத்தார். அதே குழப்பம் நம்மிடமும் இருப்பதுதான் வேடிக்கை. எங்கள் ஊர்ப் பேச்சில் காரீயம் என்றால் பென்சிற்கரி, அகராதியில் பார்த்தால் ஈயம். இரண்டும் கறுப்பு, இரண்டும் கையில் ஒட்டும். மெருகிட்ட பீங்கானில் உரசிப் பார்த்தால்தான் மாலிப்டினைட் இலேசான பச்சை காட்டிக் கொடுக்கும், பென்சிற்கரி கறுப்பாகவே நிற்கும்.

வே. எழுதியது:

அன்பர் த. காரீயத்தைத் தொட்டது நன்று. அவ்வழியே மாலிப்டினத்துக்கும் தமிழ்ப்பெயர் காணலாம். 'போலிக்காரீயம்' என்பதை முன்வைக்கிறேன்.

நாளம் பற்றி. அது வடசொல்லான நாலத்தின் திரிபு, தாமரைத் தண்டைக் குறித்தது. 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ' என்று தொல்காப்பியர் இசைவு தந்தார் எனச் சிலர் உடனே பாய்வர். அவர் வாயில் காட்டினார், எல்லாரையும் உள்ளே அழைக்கவில்லை. கையில் நரம்பு இருக்க நாளத்தைக் கடன் வாங்குவது ஏன்?

அ. எழுதியது:

ஐயா, போலிக்காரீயம் வேண்டாமே. எஃகுக்கு உரமேற்றுகிற உலோகத்தைப் போலி என்று அழைத்தால் அதற்கே கோபம் வரும்.

மீ. எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தனிமங்களின் பெயரை மாற்றும் அதிகாரம் எனக்கு இல்லை, மாலிப்டினம் மாலிப்டினமாகவே போகட்டும். என் பாடத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் சொல் எங்கெங்கே வரும் என்று தெரிந்தால் தேர்வு எளிதாகும்.

முதல் இடம், பாறை. இத்தகைய படிவுகளைப் பார்ஃபிரி வகை என்பார்கள். பிரெண்டாவிலோ தாதுவை ஏந்தியிருப்பது பெரும்பாலும் ஜூராசிக் காலத்துக் குவார்ட்ஸ் டயோரைட். அதன் மேற்கே நிக்கோலா தொகுதி எனும் ட்ரையாசிக் எரிமலைப் பாறைகளும் படிவுப் பாறைகளும் இருக்கின்றன. நுண்மணிகளுக்கு நடுவே பெரும்படிகம் மிதக்கும் பார்ஃபிரித் தோற்றம் இந்தத் தாதுப் பாறையின் அடையாளமே இல்லை. ஆக 'பார்ஃபிரி' என்ற பெயர் பாறையின் முகத்தைப் பார்த்து வைத்ததாக இங்கே நிற்காது. பெரிய அளவு, குறைந்த தரம், வெடிப்புகளில் சூட்டுநீர் விட்டுச்சென்ற தாது, இந்தக் குடும்ப ஒற்றுமைக்குத்தான் அந்தப் பெயர். அதைத் தமிழ்ப்படுத்தப் போவதில்லை, ஐயா பொறுத்தருள வேண்டும்.

இரண்டாவது, தேடல் வரலாறு. அந்த மலையில் செம்பு இருப்பது பலருக்கும் தெரிந்ததுதான். வந்து பார்த்தவர்கள் தரம் போதாது என்று போனார்கள். 1960களின் நடுவில் பெர்னார்ட் பிரைனெல்சன் முன்னின்று பிரெண்டா மைன்ஸ் நிறுவனத்தை உருவாக்கினார், நோராண்டா நிறுவனம் பின்பலம். பாறை மாறவில்லை, கணக்குதான் மாறியது. மாலிப்டினம் செம்பைவிடப் பல மடங்கு விலை போகும். அதைச் செம்பின் அளவாக மாற்றிக் கூட்டினால்தான் அந்த மலை சுரங்கமாகிறது. 'செம்பு நிகர் தரம்' என்று இதை எழுதியிருக்கிறேன், யாருக்கும் ஆட்சேபம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், தயவுசெய்து புதிய இழை தொடங்காதீர்கள்.

மூன்றாவது, மூடிய பிறகு. அமிலத்தை உண்டாக்கும் பைரைட் (இரும்புச் சல்பைடு) குறைவு, ஆகவே அமிலநீர் ஓடவில்லை. கேட்டவுடன் நல்ல செய்தி போல இருக்கும். ஆனால் அமிலம் இல்லாத நீரில் செம்பு அடங்கிக் கிடக்க, மாலிப்டினம் மாலிப்டேட்டாகக் கரைந்து வருகிறது. கீழே ட்ரெபானியர் ஓடை, அப்புறம் ஒகனாகன் ஏரி. அந்த நீர் பாய்ந்த புல்லில் மாலிப்டினம் ஏறினால் மேயும் மாடுகளுக்குச் செம்புக் குறைபாடு வரும். அதனால் 1990களின் இறுதியில் நீர் சுத்திகரிப்பு ஆலை கட்டி, மாலிப்டினத்தைப் பிரித்துவிட்டே நீரை வெளியே விடுகிறார்கள். செம்பும் மாலிப்டினமும் சேர்ந்து கிடைத்த இடத்தில், ஒன்று மற்றதை மாட்டின் வயிற்றில் தடுப்பதை மாணவர்கள் மறக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். இங்கும் 'வெடிப்பு வழியே நீர்' வருகிறது, ஆகவே ஓடும் பொருளைக் காட்டும் சொல்லாக இருந்தால் மூன்று இடத்திலும் உதவும்.

கு. எழுதியது:

அப்படியானால் நாளப்பின்னல். நாள அடர்த்தி என்று சொன்னால் மீட்டருக்கு 63 என்பதும் பொருந்தி வரும். நரப்பு அடர்த்தி என்று நான் லாக் புத்தகத்தில் எழுதினால் மேலாளர் என்னை மருத்துவரிடம் அனுப்புவார். அடைப்புக்குள் ஸ்டாக்வர்க் என்று தமிழ் எழுத்தில் ஒருமுறை போட்டுவிடுங்கள், பிழைப்புக்கு அது வேண்டும்.

அ. எழுதியது:

இழைவலையை வாபஸ் வாங்கவில்லை, ஆனால் சண்டை போடவும் தெம்பில்லை. நாளப்பின்னலுக்கு என் அரை ஓட்டு.

த. எழுதியது:

மிச்ச அரை ஓட்டை நான் தாறன்.

மீ. எழுதியது:

சரி, 'நாளப்பின்னல்' என்றே போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் ஸ்டாக்வர்க் என்பதும் வரும். தலைப்பில் செம்பு என்றே இருக்கட்டும், 'செப்பு' என்றால் சொப்பு விளையாட்டு ஞாபகம் வருவதாக வகுப்பில் ஏற்கெனவே ஒரு புகார். ஐயாவின் புறநானூற்று வரியைப் பாடத்தின் ஓரக்குறிப்பில் சேர்க்க அனுமதி வேண்டும்.

வே. எழுதியது:

வரியைச் சேர்க்க என் அனுமதி எதற்கு, அது எல்லாருக்கும் பொது. ஆனால் பெரும்பான்மை என்பது சொல்லின் பிறப்பை மாற்றாது. என் கலைச்சொல் தொகுப்பில் நரப்புப்பின்னல் என்றே இருக்கும், நாளப்பின்னல் 'பிற வழக்கு' என்று கீழே வரும்.

அடுத்து ஆராய வேண்டியது 'சுரங்கம்'. வடமொழியின் சுருங்கா வழியாக வந்தது, அதன் வேர் குழலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் என்று அறிஞர் சிலர் எழுதியுள்ளனர். எனக்கு உடன்பாடில்லை. சுரை என்றால் உட்டுளை, வேலின் காம்பு செருகும் துளைக்கும் அதுவே பெயர். சுரை, சுரங்கு, சுரங்கம் என வளர்ந்த தூய தமிழ்ச் சொல்லே என்பதற்குச் சான்றுகளைத் தனி மடலில் விரிவாக எழுதுவேன்.

கு. எழுதியது:

எழுதுங்கள் ஐயா, காத்திருக்கிறேன். ஆனால் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அனுப்புங்கள். சான்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டால் டீச்சர் தலைப்பையே மாற்ற வேண்டிவரும்.